சறுக்குமரக் கம்பெனிக்கு மென்பொருள் பார்த்த கதை

ஜனவரி 14
காலைக் கூட்டத்தில் ஹில்கே ஒரே வரியில் முடித்துவிட்டார். "வீப்கே, இது இனிமே உன் தலைவலி."

முதலாளி சொன்னால் முடிந்தது. பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் ஊஞ்சலும் சறுக்குமரமும் செய்யும் கம்பெனி எங்களுடையது. என் வேலை கொள்முதல். அது ஒரு மென்பொருளில் ஓடுகிறது, கணக்கு எக்செல்லில் ஓடுகிறது, உற்பத்தி மொத்தமும் பட்டறைத் தலைவர் கெரிட்டின் தலைக்குள் ஓடுகிறது. பலன்? போன செப்டம்பரில் ஒரே சறுக்குமரத்தை இரண்டு தடவை செய்துவிட்டோம். மிச்சமானது முற்றத்தில் நிற்கிறது. கணக்குப் பிரிவு ஆட்கள் சாப்பிட்டுவிட்டு அதில் சறுக்குகிறார்கள்.

இனி எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் வர வேண்டுமாம். ஈ.ஆர்.பி. என்கிறார்கள். மூன்று மென்பொருள் கம்பெனிகளை ஒப்பிட்டு ஒன்றை நான் சொல்ல வேண்டும். ஹாலந்துப் பள்ளிகளின் பெரிய ஆர்டர் இலையுதிர்காலத்தில் வருகிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை எடுக்கவே முடியாது.

ஜனவரி 15
கெரிட்டிடம் சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"மறுபடியுமா? போன தடவை பட்டது போதாதா?"

போதும்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஒரு மென்பொருள் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க சரக்கே வெளியே போகவில்லை, பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினோம். மீதிப் பேரைக் காப்பாற்றியது இந்த மனுஷனின் ஞாபகசக்தி.

"ஓய்வு பெற மூணு வருஷம் இருக்கு எனக்கு. அந்தச் சனியன் உள்ள வந்தா நான் அன்னைக்கே வெளிய போயிடுவேன், பாத்துக்கோ."

சும்மா சொல்கிற ஆள் இல்லை.

ஜனவரி 29
முதல் கம்பெனி, மியூனிக்காரர்கள், வந்தார்கள். மூன்று பேர், மூவருக்கும் ஒரே வெள்ளை ஷூ. படங்கள் சினிமா மாதிரி இருந்தன. மாதிரிக்குக் காட்டியது ஒரு சைக்கிள் கம்பெனி. அங்கே யாரும் தப்பே செய்வதில்லை.

கெரிட் பின்வரிசையில் உட்கார்ந்து கை தூக்கினார். "இரும்பு வெட்டினதுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துல இருந்து போன் வருது. சறுக்குமரம் அரை மீட்டர் நீளமா வேணுங்கறாங்க. உங்க பொட்டி என்ன பண்ணும்?"

"அப்படி மாத்தக் கூடாதுன்னு வாடிக்கையாளரைப் பழக்கணும் சார்."

கெரிட் எழுந்து போய்த் தன் போனைப் பதில் சொன்னவர் கையிலேயே கொடுத்தார். "இதோ, எம்டன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரம்மா நம்பர். நீங்களே பழக்குங்க."

ஹில்கே இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். நான் மறைக்கவில்லை.

பிப்ரவரி 9
போஸல் ஞாயிறு. எங்கள் ஊர்ப் பந்து விளையாட்டு. கிராமத்துச் சாலையில் பந்தை உருட்டிக்கொண்டே நடந்து, முடிவில் கீரையும் சாசேஜும். இரண்டாவது கம்பெனியின் விற்பனையாளர் ஹாயோ ஹில்கேயின் அணியிலேயே விளையாடுகிறவர். வழி முழுக்க என் பக்கத்திலேயே நடந்தார்.

"நம்மாளு நம்மாளுகிட்டதானே வாங்கணும் வீப்கே?"

என் கணவர் யான் வீட்டில் சொன்னது: "மாப்பிள்ளையோட மாமன் நல்லா விளையாடுறாரு. மாப்பிள்ளை எப்படின்னு போய்ப் பாரு."

பிப்ரவரி 19
பார்த்தேன். ஹாயோவின் மென்பொருளை வாங்கிய ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனிக்குப் போனேன். மேலாளர் மேலே கண்ணாடி அறையில் எல்லாம் காட்டினார். பிரமாதம். பிறகு நானே கான்டீனுக்கு இறங்கிப் போய், சரக்கு அனுப்பும் பெண்களோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மென்பொருள் எப்படி இருக்கு?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மேஜையே சிரித்தது.

"மாசக் கடைசில மேல காட்டறதுக்கு ரொம்ப நல்லாருக்கும். வேலை செய்ய நாங்க வேற வச்சிருக்கோம்." வேற என்றால் எக்செல். நாள் முழுக்க அதில் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை மென்பொருளில் ஏற்றுகிறார்களாம்.

காரில் வரும்போது சிரிப்பு வடிந்துவிட்டது. இதை ஹில்கேயிடம் எப்படிச் சொல்வது? ஹாயோ அவருடைய முப்பது வருஷச் சிநேகிதன் —

பிப்ரவரி 27
மூன்றாவது, டென்மார்க் கம்பெனியிலிருந்து சிக்னே என்றொரு பெண். தனியாக வந்தாள். கம்பெனி சின்னது, பேர் யாருக்கும் தெரியாது. கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால்தான் எங்கள் ஊரில் டீ ஊற்றுவதை நிறுத்துவார்கள் என்று தெரியாமல் ஆறு கோப்பை குடித்தாள், பாவம்.

படம் காட்டவில்லை. "முதல்ல பட்டறையைப் பாக்கலாமா?" என்றாள். கெரிட் வேண்டாவெறுப்பாக அழைத்துப் போனார். மதியம் வரை இருவரும் திரும்பவில்லை.

அதே அரை மீட்டர் கேள்வி. எங்கள் சறுக்குமரத்தின் விவரத்தையே மென்பொருளுக்குள் ஏற்றி, கண்ணெதிரே மாற்றிக் காட்டினாள். இரும்பு, பெயின்ட், லாரித் தேதி எல்லாம் கூடவே மாறின. கெரிட் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "பதினோரு கிளிக். கையில கிரீஸோட நின்னுக்கிட்டு எவன் பண்ணுவான்?"

"நியாயம்தான்," என்றாள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "ஊஞ்சல் பொருத்தப் போற ஆட்களோட நேர அட்டவணை எங்ககிட்ட சரியா வராது. அதை எங்ககிட்ட வாங்காதீங்க."

விற்க வந்தவள் வாங்காதே என்கிறாள்!

மார்ச் 10
சிக்னேயிடமிருந்து புது வடிவம் வந்தது. நான்கு கிளிக். கெரிட் இரண்டு முறை செய்து பார்த்தார். மூன்றாம் முறையும் செய்தார்.

மார்ச் 12
இன்று முடிவெடுக்கும் கூட்டம்.

ஹில்கே பேச ஆரம்பித்ததே ஹாயோ என்றுதான். நான் கான்டீன் கதையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அப்போ என்னை ஏமாத்துறான்ங்கறியா?" "அவர் ஏமாத்தல. அவர் கான்டீனுக்குப் போனதே இல்ல," என்றேன். பயந்துதான் போனேன், பொய் என்ன. ஆனால் இன்னொரு பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தை எவள் அடிப்பாள்? நான் அடிக்க மாட்டேன். அதையும் சொல்லிவிட்டேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து கெரிட்: "ஏதாவது ஒண்ணு வந்தே தீரணும்னா, அந்த டீ குடிச்ச பொண்ணு."

ஹில்கே ஜன்னலைப் பார்த்தபடியே, "சரி. ஆனா ஹாயோகிட்ட நீதான் சொல்லணும். எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

மார்ச் 16
போஸல் ஆட்டத்தின் நடுவே சொன்னேன். ஹாயோ அடுத்து எறிந்த பந்து நேரே வாய்க்காலுக்குள். அதைத் துழாவி எடுத்துவிட்டு வந்து கேட்டார்: "எந்தக் கான்டீன்?"

அக்டோபர் 2
நேற்று புது மென்பொருளுக்கு மாறினோம். இன்று ஒரு லாரிகூடக் கிளம்பவில்லை. கழிவறையில் போய் அழுதேன். சிக்னே தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். கெரிட் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போனார் — போச்சு என்று நினைத்தேன். பன் வாங்கிக்கொண்டு வந்தார், அவளுக்கும் சேர்த்து.

அக்டோபர் 6
லாரிகள் போகின்றன. அவ்வளவுதான் எழுதத் தெம்பு.

நவம்பர் 20
ஹாலந்து ஆர்டரின் முதல் பத்துப் பள்ளிகள் முடிந்தன. எதையும் இரண்டு தடவை செய்யவில்லை.

டிசம்பர் 4
காலையில் பட்டறையிலிருந்து போன். கெரிட். இந்த அலறலை இதுவரை கேட்டதில்லை.

"திரை கறுப்பாயிடுச்சு! ஒண்ணுமே தெரியல! இப்படி விட்டா மனுஷன் எப்படி வேலை பாக்கறது?"

"பராமரிப்பு கெரிட். கால் மணி நேரத்துல வந்துடும். அதுவரைக்கும் உங்க தலைக்குள்ள இருக்கறதை வச்சு ஓட்டுங்களேன்."

"தலையா? அங்க இப்போ ஒண்ணும் வச்சுக்கறதில்ல!"

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன், சிரிப்பு அந்தப் பக்கம் கேட்கக் கூடாதே என்று. ஹில்கே எட்டிப் பார்த்து, "யாரு, அந்தக் கத்து கத்தறது?" என்றார்.

"மென்பொருள் வேணுங்கறவர்," என்றேன்.