மூன்றாம் நாளில் ஒரு நிறுத்தம்

என் தங்க அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டார். ஃபோன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளைக்கு இரவு பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்திய பூசை. கடவுள் உலகத்தைப் படைத்த வாசகத்தை நான்தான் வாசிக்கப்போகிறேன் அப்பா. வருஷா வருஷம் நீங்கள் வாசித்த வாசகம். பயமாக இருக்கிறது. ஆனாலும் இதை உங்களிடம் சொல்லும்போது எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?

நாங்கள் இப்போது பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இல்லை. திகனயில் ஓர் அறையில் இருக்கிறோம். அம்மா பல்லேகலயில் கார்மண்ட் தையல் வேலைக்குப் போகிறார். கோயில் மட்டும் அதே கோயில்தான். இரண்டு பஸ் மாறிப் போகிறோம்.

உங்கள் நிறுத்தம் ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை நீங்கள் வாசித்தபோது, படைப்பின் ஒவ்வொரு நாளும் முடிய ஒரு மூச்சு விட்டு நின்றீர்களாம். தமிழ் விளங்காத சிங்களச் சனம் வாசகம் முடிந்துவிட்டதென்று நினைத்து, வாசகத்தின் முடிவில் சொல்கிற நன்றியைத் தங்கள் மொழியில் சத்தமாகச் சொல்லிவிட்டார்களாம். தமிழ் ஆட்களால் சும்மா இருக்க முடியுமா? அவர்களும் "இறைவா உமக்கு நன்றி" என்றார்களாம். சாமியார் பீடத்திலேயே சிரித்துவிட்டாராம். அடுத்த வருஷம் நீங்கள் நிறுத்தாமல் வாசிக்கப் பார்த்தீர்கள். சனம் விடவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கோயிலில் வெளிச்சத்துக்கு ஒரு நன்றி, வானத்துக்கு ஒரு நன்றி, மண்ணுக்கு ஒரு நன்றிதான். வேறு எந்தக் கோயிலிலும் இப்படி இல்லை. அது எங்கள் அப்பாவால் வந்தது.

அந்த மண்தான் அப்பா இப்போது பிரச்சினை.

மேல் லயத்தில் மண் சரிந்த விடியற்காலையில் நீங்கள் மண்வெட்டியோடு ஏறிப் போனீர்கள். சின்னையா மாமாவை இழுத்து வெளியே போட்டீர்கள். உள்ளே இன்னும் யாரோ முனகுகிறார்கள் என்று திரும்பிப் போனீர்கள். மலை இரண்டாம் தடவை இறங்கியது.

அன்றிலிருந்து அம்மா கோயிலுக்கு வருவார், முழந்தாளிடுவார். ஆனால் "இறைவா உமக்கு நன்றி" என்று மட்டும் சொல்லமாட்டார். "மண்ணப் படைச்ச கதைய இனி நம்ம வீட்டு ஆளு வாசிக்க வேணாம்" என்று என்னிடம் சொல்லியும் இருந்தார். போன ஞாயிறு கோயில் சிஸ்டர் என்னை வாசிக்கக் கேட்டபோது, அம்மாவிடம் சொல்லாமலே சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? உங்கள் இடத்தில் வேறு யாரும் நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்பதாலா?

இன்றைக்கு ஒத்திகையில் மூன்றாம் நாள் வந்ததும் அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. தண்ணீர் விலகி, தரை தெரிந்து, கடவுள் அதைப் பார்த்து நல்லது என்று காண்கிற இடம். சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார். வெளியே வந்தால் சின்னையா மாமா நிற்கிறார், நெற்றியில் விபூதியோடு.

"ஏம்மா, அந்த மலையையும் ஒங்க ஆண்டவருதான் செஞ்சாரா?"

"ஆமா மாமா."

"கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாம்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி விடு. ஒங்கப்பனையும் அவருதானே செஞ்சாரு. அதுக்காக நாளைக்கு நானும் வந்து பின்னுக்கு நிக்கிறேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன் அப்பா. மலை ஏன் இறங்கியது என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் ஆறாம் நாளில் கடவுள் மனிதனைப் படைத்தார். மலை இறங்கும்போது மலைக்கு ஏறிப் போகிற மனிதனையும் அவர்தான் படைத்தார். அந்த மனிதன் என் அப்பா.

வீட்டுக்கு வந்து, வெளியே குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முதலாம் நாள் சொல்லி நின்றேன். இரண்டாம் நாள் சொல்லி நின்றேன்.

"இறைவா உமக்கு நன்றி."

குசினிக்குள் இருந்து வந்தது அம்மாவின் குரல். இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. தேங்காய் துருவும் சத்தம் நின்றது. இனி ஏச்சுத்தான் என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் மூன்றாம் நாளைச் சொன்னேன். நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு அவசரமா வாசிக்காத. அப்பா அப்பிடி ஓடமாட்டாரு" என்றார். திரும்பவும் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். ஆனால் உங்கள் திருமண நாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த தன் வெள்ளைச் சேலையை, நாளைக்கு நான் கட்டுவதற்கு அம்மா மடித்து வைத்துவிட்டுப் படுத்தார்.

இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. விளக்கெல்லாம் அணைந்திருக்கும். பாஸ்கா மெழுகுதிரியின் வெளிச்சத்தில் எழுத்து ஆடும். ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. மூன்றாம் நாளில் நீங்கள் நின்ற அளவுக்கு நானும் நிற்பேன். அந்த நன்றியை அம்மா சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அதற்கான இடத்தை விட்டு நிற்பேன். சொல்லாவிட்டால், அந்த மௌனத்தையும் கடவுள் கேட்கட்டும்.

பிறகு ஆறாம் நாளை, பின்னுக்கு நிற்கிற சின்னையா மாமாவுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசிப்பேன்.

உங்கள் இடத்தில் நிற்கப்போகும்
உங்கள் மூத்த மகள்,
நிரோஷா