மூன்றாவது வாசலில் பனி

ஜனவரி 8, திங்கள்

மைனஸ் இருபத்தொன்று. ஓய்வு பெற்று எட்டாம் நாள். முப்பத்தெட்டு வருஷம் சாலைப் பனியை ஒதுக்கும் நகராட்சி வண்டியை ஓட்டியவன் இன்று எட்டு மணிவரை போர்வைக்குள் கிடந்தேன். விழித்தது என்னவோ மூன்றரைக்கே. ஆனாலும் கிடந்தேன்.

மனைவி ஹில்க்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தை அனுபவிக்க வேண்டும். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிப்பு, சௌனாவில் நீராவிக் குளியல், காபி, பிறகு மறுபடியும் காபி. வண்டியைப் பற்றிப் பேச்சே கூடாது.

“பேசின, நான் ஸ்பெயினுக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். ஏப்ரல் வரைக்கும் நீயும் உன் பனியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடங்க.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விமானத் தேதிகள் எழுதிய அக்காவின் கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 9

நான்கு மணி நேரம் ஏரியில். ஒரு மீன். அதுவும் என்மேல் இரக்கப்பட்டு வந்தது. அனுபவித்தேன்.

ஜனவரி 11, வியாழன்

ராத்திரி நல்ல பனி. காலையில் கதவைத் திறந்தால் — வாசலை அடைத்துக்கொண்டு இடுப்பளவு குவியல்! வண்டி வாரிக்கொண்டு வந்த பனி முழுவதும் நம் வாசலில். என் இடத்துக்கு வந்திருக்கும் யென்னி என்ற பெண்ணின் வேலை.

முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வாசலில் ஒரு கைப்பிடி பனி சேர்ந்ததுண்டா? ஓட்டத் தெரிந்தவன் ஓட்டினால் பனி தானே ஒதுங்கிப் போகும் என்று எதிர்வீட்டு ஆர்மாஸிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதனாலேயே அவன் பதினோரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை.

ஹில்க்கா ஜன்னலருகே காபி குடித்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். குவியலைப் பார்த்தாள். பாட்டைத் தொடர்ந்தாள். இருவரும் அதன்மேல் ஏறி இறங்கிக் கடைக்குப் போனோம். மத்தியானம் பட்டாணி சூப். எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 12

அவள் குளிக்கப் போன சமயம் சாலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, விர்த்தானென் என்று பொய்ப்பெயர் சொல்லி, புகார் கொடுத்தேன்.

அங்கே இருக்கும் ரீத்தா முழுவதும் கேட்டுக்கொண்டாள். “சரி தவுனோ, எழுதிக்கிட்டேன். பதில் தபால்ல வரும். ஹில்க்காவை ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க.”

ஜனவரி 16, செவ்வாய்

பதில் வந்தது. “பனி இயற்கையின் செயல். வண்டி ஒவ்வொரு வாசலுக்கும் பணிந்து செல்ல இயலாது. தங்கள் பொறுமைக்கு நன்றி.”

புகார்க்காரர்களுக்கு அனுப்பச் சொல்லி பதினைந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்த கடிதம். ஒரு வார்த்தை மாற்றவில்லை. “பணிந்து” என்று போட்டதில் அப்போது எனக்கு எவ்வளவு பெருமை! எழுதியவன் கையை முறிக்க வேண்டும்.

உறையை ஹில்க்கா பார்த்துவிட்டாள். அக்காவின் கடிதம் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அவள் கைப்பைக்குப் போய்விட்டது.

ஜனவரி 19, வெள்ளி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலை ஐந்தரைக்குச் சமையலறை நாற்காலியை வாசல் நடுவில் போட்டு, ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன். ஆள் உட்கார்ந்திருந்தால் ஒதுங்கித்தானே ஆக வேண்டும்?

வண்டி வந்தது. யென்னி தலையை நீட்டினாள். “என்ன அண்ணே, இங்க உக்காந்திருக்கீங்க?”

“அனுபவிக்கிறேன்! வண்டியை நிறுத்தும்மா!”

“மன்னிச்சுக்குங்க அண்ணே. குவியலோட நிறுத்தக் கூடாதுன்னு வழிக்குறிப்புல நீங்கதானே எழுதியிருக்கீங்க!”

மெதுவாகத்தான் பனியை என்மேல் தள்ளினாள். ரொம்ப மரியாதையாக, நெஞ்சு வரைக்கும். ஃபிளாஸ்க்கைப் பிடித்திருந்த கை மட்டும் வெளியே.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆர்மாஸ் செருப்போடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

“காபி மிச்சம் இருக்கா?”

முதலில் காபி. அப்புறம்தான் தோண்டினான். நாற்காலி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வசந்தத்தில் கிடைக்கும்.

ஒன்பது மணிக்கு யென்னி வேலை முடிந்து வந்தாள், கையில் இலவங்கப்பட்டை ரொட்டியோடு. நான் டிசம்பரில் எழுதிக் கொடுத்த வழிக்குறிப்பையும் நீட்டினாள். “நீங்க எழுதினபடிதான் அண்ணே போறேன்.”

என் கையெழுத்து. “பதினேழாம் வளைவு: சேர்ந்ததை எல்லாம் தேவாலயப் பக்கமிருந்து மூன்றாவது வாசலில் இறக்கு. அந்த வீட்டுக்காரர்கள் ஒருநாளும் புகார் சொன்னதில்லை.”

வெளியே போய் எண்ணினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது என் வாசல். இருட்டில், வண்டியின் அவ்வளவு உயரத்திலிருந்து, எனக்கு அது வெறும் எண்தான். மறுபடி எண்ணினேன். ஆர்மாஸும் கூடவே எண்ணினான், பாவி, சத்தமாக.

ஜனவரி 20

ஹில்க்காவிடம் கேட்டேன். யாரு அள்ளினா? இத்தனை வருஷமா யாரு அள்ளினா?

“வேற யாரு, உங்க நகராட்சித் தலைவரா?”

நான் ஒன்பது மணிக்கு வருவதற்குள் அள்ளி முடித்துவிடுவாளாம். காய்ச்சலிலும், பிள்ளை வயிற்றில் இருந்தபோதும். ஐயோ, ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

“சொன்னா ஆர்மாஸ் வாசல்ல போட்டிருப்ப. அவனுக்கு முதுகு சரியில்ல. அதோட, நீ வந்து சுத்தமா இருக்கிற வாசலைப் பார்த்துப் பெருமையா ஒரு ஹாரன் அடிப்ப பாரு... அதைக் கெடுக்க மனசு வரல.”

“இப்ப மட்டும் ஏன் அள்ளல?”

“நீ ரிட்டயர் ஆன அன்னிக்கே நானும் ஆயிட்டேன். எனக்கு யாரும் கேக் வெட்டல, அவ்வளவுதான்.”

ஜனவரி 21

கேக் செய்தேன். நடுவில் வேகவில்லை. முழுவதும் தின்றாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

மைனஸ் இருபத்தாறு. ராத்திரி முழுக்கப் பனி. வழிக்குறிப்பை மாற்றட்டுமா என்று யென்னி கேட்டாள். வேண்டாம், எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆறு மணிக்குப் பனி அள்ளும் ஷவலை எடுத்தேன். இரண்டரை மணி நேரம். இடுப்பு என்னுடையதாகவே இல்லை. இதைத் தினமும் அள்ளியிருக்கிறாள்.

அக்காவின் கடிதம் ஃபிரிட்ஜ் கதவுக்குத் திரும்பிவிட்டது. பின்பக்கத்தில் கடைச்சாமான் பட்டியல்.

ஒன்பது மணிக்கு ஹில்க்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். வாசலை மேலும் கீழும் பார்த்தாள். எதிரே நின்ற ஆர்மாஸுக்குக் கேட்கும்படி சொன்னாள்: “பாத்தீங்களா, எங்க வாசல்ல மட்டும் பனியே சேர்றதில்ல.”

என்னிடம் இப்போது வண்டி இல்லை. வாயாலேயே ஒரு ஹாரன் அடித்தேன்.