மலை இடப்பக்கம்

இடது முழங்கையில் மஞ்சள் மணக்கிறது. தேங்காயெண்ணெயில் குழைத்து அம்மா பூசிவிட்டிருக்கிறாள். டாக்டர் கொடுத்த களிம்பு மேசைமேல் சும்மா கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் இதே மணம்தான் அடிக்கும், நீ சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்து வரும் நாட்களில். ஆனால் அப்போதெல்லாம் வலது முழங்கை, வலது முட்டி, வலது இடுப்பு. உனக்கும் எனக்கும் இருந்த தழும்புகள் மொத்தமும் வலப்பக்கம்தான். இடப்பக்கத்தில் எனக்கு இது முதல் காயம்.

இதைக் கேட்டால் நீ முதலில் சிரிப்பாய், அப்புறம் சண்டைக்கு வருவாய். வா. ஒரு விஷயத்தில் நீ சொன்னது தப்பு. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

பந்தயத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நாம் இருவரும் சேர்ந்து போவதாக இருந்ததே, அதே பெண்கள் பந்தயம். ஐந்து நாள், தினமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு. முதலில் வருகிறவளைவிட ரொம்பவும் பின்தங்கிவிட்டால் மறுநாள் ஓட்ட விடமாட்டார்கள். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே வரும். பரிசு, கோப்பை எல்லாம் உன் ஆசை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வேனில் ஏறாமல் ஐந்து நாளையும் முடிக்க வேண்டும்.

ஏன் என்றால், நீ போன பிறகு ஊர் பேசிய பேச்சு உனக்குத் தெரியாது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை. வெயிலிலும் மழையிலும் பொம்பளைப் பிள்ளை சைக்கிள் ஓட்டினால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்றார்கள். காரியத்தன்று எல்லார் எதிரிலும் உன் அம்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தச் சைக்கிள்தாம்மா எம்பொண்ண தின்னுடுச்சி. நீயாவது நிறுத்திடு." பெற்றவளிடம் என்ன வாதாடுவது? எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் சைக்கிளை வெளியே எடுத்தபோது எங்கள் வேங்கிக்கால் வீட்டு வாசலில் அப்பா வழி மறித்து நின்றார். "ஒருத்தி போனது போதாதா?" என்றார். "ஒருத்தி போனதாலதான்பா ஓட்டறேன்" என்றேன். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வேனில் ஏறித் திரும்பியிருந்தால் இந்த ஊர் என்ன சொல்லியிருக்கும்? 'பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்' என்று சொல்லியிருக்கும். என்னை மட்டும் சொன்னால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். உன் சாவையும் சேர்த்துச் சொல்வார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

நமக்கு மைதானமும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. கிரிவலப் பாதை இருந்தது. விடியும்போது டவுன் வழியாகச் சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலையில் உன் வீட்டெதிரில் வந்து நின்று கத்துவேன், நீ வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவாய். அங்கிருந்து ஒரு சுற்று. கால் கேட்டால் இன்னொரு சுற்று. மலை எப்போதும் வலப்பக்கம். பஸ்ஸும் ஆட்டோவும் எப்படி வேண்டுமானாலும் போகலாம். மனுஷர் சுற்றினால் மலை வலப்பக்கம்தான் இருக்க வேண்டும், அதை நமக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு நாள் கொஞ்ச தூரம் போனதுமே மழை பிடித்துக்கொண்டது. சுற்றை முடிப்பதைவிட வந்த வழியே உன் வீட்டுக்குப் போவது கிட்டம் என்று திரும்பினோம். உன் தெருமுனை டீக்கடைப் பெரியவர் கடையை விட்டே வெளியே வந்துவிட்டார். "ஏம்மா, நில்லுங்க. மலைய எடப்பக்கம் வச்சிக்கினு எங்க போறீங்க? சாவு காரியத்துக்குத்தான் அப்பிடி சுத்துவாங்க."

"தோ அந்த பஸ்ஸும் அப்பிடித்தானே போவுது?" என்று நான் ஆரம்பித்தேன். நீ என் காலை மிதித்தாய். "தெரியாம வந்துட்டோம் பெரியவரே, தோ திரும்பிக்கிறோம்" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் முழுச் சுற்றும் என்னை இழுத்துக்கொண்டு போனாய். வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது கேட்டாய்: "அவரு நம்ம ட்ரவுசர பத்தி ஒரு வார்த்த பேசுனாரா?"

யோசித்துப் பார்த்தேன். தொடையோடு ஒட்டிய அந்தச் சைக்கிள் ட்ரவுசரை நாம் போட்டுக்கொண்டு வெளியே வர ஆரம்பித்த முதல் வாரம் அது. பெரியவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"மலைய குடுத்தோம், ட்ரவுசர எடுத்துக்கினோம். ஊருக்கு ஒன்ன விட்டுக் குடுடி. மத்தது எல்லாத்தையும் நாம எடுத்துக்கலாம்."

பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு உனக்கு. ஆனாலும் அது பலித்தது, ஒத்துக்கொள்கிறேன். மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிற பெண்கள், பக்தியான பெண்கள் என்று பெயர் வாங்கினோம். அந்தப் பெயரைக் காட்டியே செங்கம் ரோட்டில் லாரிகளோடு ஓட்டினோம், பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். கொடுத்தது கம்மி, எடுத்தது ஜாஸ்தி என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

கொடுத்தது கம்மி இல்லை. அது எனக்குப் பந்தயத்தின் இரண்டாம் நாள்தான் தெரிந்தது.

முதல் நாள் சமவெளி. கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டாம் நாள் மலைப்பாதை. ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தேன். இறக்கத்தில்தான் கூத்து. வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் ராஜாத்தி மாதிரிப் போனேன், என்னைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் முந்தினேன். இடப்பக்க வளைவு வந்தால் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது, உடம்பு சாய மறுத்தது. முந்தியவர்கள் எல்லாரும் என்னைத் திரும்ப முந்திக்கொண்டு போனார்கள். விட்டதைப் பிடிக்கிற ஆத்திரத்தில் அடுத்த இடது வளைவில் வேகமாகப் போய் விழுந்தேன். முழங்கையும் இடுப்பும் தாரில் தேய்ந்தன.

பந்தயத்துக்காக என்னைச் சேர்த்துக்கொண்ட அணியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா காரிலிருந்து இறங்கி ஓடி வந்து ஹேண்டில்பாரை நேராக்கினார். "ரைட்ல அப்பிடி போற. லெஃப்ட் வந்தா மட்டும் உனக்கு என்னாம்மா ஆவுது?" என்றார்.

ரோட்டில் உட்கார்ந்தபடியே எனக்குப் புரிந்தது. நாம் வேகமாகத் திரும்பிப் பழகிய வளைவுகள் எல்லாமே வலது வளைவுகள். இத்தனை வருஷத்தில் இடப்பக்கம் சாய என் உடம்பு கற்றுக்கொள்ளவே இல்லை. இந்தத் தப்பைச் செய்ய நம் ஊர்க்காரிகளால்தான் முடியும். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் வேன் வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, வா என்று கையைக் காட்டினார். நல்ல மனுஷர்தான். நான் முறைத்த முறைப்பில் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குக் கெடு முடிவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

சாயங்காலம் மற்றப் பெண்கள் காலை நீட்டிப் படுத்திருக்க, நான் லாட்ஜுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினேன். தொட்டி என் இடப்பக்கம். காயம் எரிய எரிய, உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சுற்றினேன். ஏன்டி, சாவு காரியத்துக்குத்தான் அப்படிச் சுற்றுவார்கள் என்றாரே பெரியவர். நீ அப்படிச் சுற்றினாயா? அந்த மழை நாளைத் தவிர எந்த நாளும் மலையை வலப்பக்கம் வைத்தே சுற்றினாயே. அந்த நாளில்கூடத் திரும்பி முழுச் சுற்றையும் முடித்தாயே. காய்ச்சல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வந்தது? நீ மரியாதையாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்ட ஊர், நீ போனதும் உன் சைக்கிள்மேல் பழி போட்டது. இந்த ஊருக்கு இனி நான் எதை விட்டுக் கொடுப்பது? எதற்கு விட்டுக் கொடுப்பது?

நான்காம் நாள் மறுபடியும் இறக்கம். முதல் இடது வளைவில் கை மறுபடியும் பிரேக்கைத் தேடியது. பிரேக்கிலிருந்து விரலை எடுத்து, தொட்டியை நினைத்துக்கொண்டு சாய்ந்தேன். சைக்கிள் அழகாகத் திரும்பியது. "பாத்துக்கோடி!" என்று வாய்விட்டுக் கத்தினேன், பக்கத்தில் வந்த வடநாட்டுப் பெண் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று மிரண்டாள். ஐந்தாம் நாளும் முடித்தேன். எத்தனையாவது என்று கேட்காதே. கடைசிப் பக்கத்திலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுவேன். ஆனால் வேனில் ஏறவில்லை.

இன்று காலை வேங்கிக்காலிலிருந்து கிளம்பி, காஞ்சி ரோடு வழியாகக் கிரிவலப் பாதைக்குள் நுழைந்தேன். மலை இடப்பக்கம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாமே புதுசாக இருக்கிறது. தெரிந்த வேப்ப மரங்கள்கூட வேறு மரங்கள் மாதிரி நிற்கின்றன. அடி அண்ணாமலையில் உன் வீட்டு வாசலில் உன் அம்மா சாமந்தியைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். காலை ஊன்றி நின்றேன். திட்டட்டும், கேட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் நின்றேன்.

முழங்கையைப் பார்த்தார். "மஞ்ச போட்டியா?"

"போட்டிருக்கும்மா."

"அஞ்சி நாளும் முடிச்சியா?"

"முடிச்சிட்டேன்."

"வேன்ல ஏறலியே?"

வேனைப் பற்றி அவருக்கு யார் சொன்னது? நீதான் சொல்லியிருக்க வேண்டும், எப்போதோ, சோறு தின்றுகொண்டே. அதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, விழுந்த கதை, தொட்டியைச் சுற்றிய கதை எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் டீக்கடைப் பெரியவர் வந்துவிட்டார். "ஏம்மா, மறுபடியும் எடப்பக்கமா..." என்று அவர் தொடங்கியதுதான் தாமதம்.

"அது எடப்பக்கமும் சுத்தும், வலப்பக்கமும் சுத்தும். நீங்க உங்க வேலைய பாருங்க" என்றார் உன் அம்மா. குரல் அப்படியே உன் குரல். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வேணாம்டி. கூட்டம் எதிர்ல வரும், நசுக்கிப் போட்டுடும்" என்றார்.

சரி என்றேன். ஊருக்கு ஒன்றை விட்டுக் கொடுக்கச் சொன்னாய் அல்லவா? பௌர்ணமியைக் கொடுத்துவிட்டேன். மற்ற நாட்கள் எல்லாம் என்னுடையவை. நாளைக்கு மலை வலப்பக்கம், நாளன்றைக்கு இடப்பக்கம். உன் பேச்சை இன்னும் நான் விடவில்லை. எதைக் கொடுப்பது என்பதை மட்டும் இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.