ஓடையைத் தாண்ட ஒரு வண்டி

9 ஜூன் 1961
பசுவந்தனை போய்த் தங்கச்சி நபீசாவைப் பார்த்து வந்தேன். நாலு மாதம். நவம்பர் நடுவில் பிரசவமாம். அவள் மாமியார் தௌலத் பேகத்திடம், "மாமி, மழைக்கு முன்னால கோவில்பட்டிக்கு அனுப்பிருங்க" என்று கேட்டேன்.

"எங்க குடும்பத்துல எட்டு மாசம் முடிஞ்சுதான் தாய் வீட்டுக்கு அனுப்புவோம். அத மாத்த முடியாது."

எட்டு முடிந்து அனுப்புவதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிடும். முந்தின வருஷமும் இதே வழக்கம்தான். வழியில் ஓடையில் வெள்ளம், கரிசல் சேற்றில் அச்சுவரை இறங்கிய மாட்டுவண்டி, அதற்குள் நபீசா. பிள்ளை தங்கவில்லை. வழக்கம் மட்டும் சேதாரமில்லாமல் இருக்கிறது.

11 ஜூன்
முடிவு செய்துவிட்டேன். மாமியின் மனதை மாற்றுவதைவிடச் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டி செய்வது சுலபம்.

24 ஜூன்
படம் போட்டாயிற்று. பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின். எண்ணெய் பீப்பாய்த் தகட்டில் படகு மாதிரி உடம்பு. சக்கரங்களுக்கு லாரி ட்யூப் — மெத்தென்று இருந்தால் புதையாது, காற்று இருப்பதால் மிதக்கும். தண்ணீரைத் தள்ளச் சக்கரத்திலேயே துடுப்புப் பட்டைகள். நாலு பேர் தூக்கும் எடை. நபீசா படுக்க இடம், மிச்சமிருந்தால் எனக்கு.

என் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் பரமசிவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு அண்ணாச்சி. ஓட்டிப் பாக்கத் தண்ணி எங்க?"

நியாயமான கேள்வி. கண்மாயில் ஆடு மேய்கிறது.

30 ஜூலை
தோட்டக் கிணற்றில் கயிறு கட்டி இறக்கினோம். மிதந்தது. நான் ஏறும்வரை.

13 ஆகஸ்ட்
இணைப்புகளுக்குத் தார் பூசி மறுபடி இறக்கினோம். ஏறி உட்கார்ந்தேன். மிதக்கிறது! கிணற்றுக்குள் எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. பெருமையாக ஒரு சுற்று சுற்றினேன்.

27 ஆகஸ்ட்
சேற்றுச் சோதனை. பட்டறைக்குப் பின்னால் கரிசல் மண்ணைக் கொட்டி எட்டுக் குடம் தண்ணீர் விட்டேன். ஒன்பதாவது குடத்தை என் வீட்டுக்காரி மெஹராஜ் பிடுங்கிக்கொண்டாள். "உலை வைக்கத் தண்ணி இல்ல, ஒங்க சேத்துக்கு ஒம்பது குடமா?"

வண்டி பத்தடி போய் நின்றது. மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சேறு அப்பி இறுகிவிட்டது. பரமசிவன் குச்சியால் குத்தி எடுத்தபடியே, "இதுக்கு மட்கார்டு எதுக்கு அண்ணாச்சி?" என்றார்.

"அழகுக்கு" என்றேன். ஐப்பசி பிறந்தால் ஊர் சைக்கிள்களுக்கெல்லாம் மட்கார்டைக் கழற்றிக் கொடுப்பவன் நான். என் வண்டிக்கு நாலு மட்கார்டு, பச்சைப் பெயிண்ட் வேறு.

5 செப்டம்பர்
நபீசாவிடமிருந்து கார்டு. "பீரு அண்ணே, எனக்குப் பயமா இருக்கு." வேறு ஒன்றும் எழுதவில்லை. எனக்கும் பயமாத்தான் இருக்கு தாயி. நான் என்னத்தச் செய்யுதேன்? தகரத்த வச்சு வெளையாடிக்கிட்டா இருக்கேன்?

17 செப்டம்பர்
துணி எடுக்கக் கோவில்பட்டி வந்த தௌலத் மாமி பட்டறைக்கும் வந்தார். ஐப்பசியில் எந்த வண்டி வரப்போகிறது என்று காட்ட வேண்டாமா? சேற்றில் விட்டேன். மட்கார்டு இல்லாததால் நிற்காமல் ஓடியது. மட்கார்டு இல்லாததால் சேறு முழுவதும் மாமியின் வெள்ளைத் துப்பட்டியில் விழுந்தது.

"இதுலயா எம் மருமவளக் கூட்டிட்டுப் போவ? ஊரு சிரிக்கும் பீரு! பேசாம நான் பஸ்ல அனுப்பி வைக்கேன்."

20 செப்டம்பர்
மத்தியான பஸ்ஸில் நபீசா வந்து இறங்கினாள். ஏழு முடிந்து அனுப்புவதும் அவர்கள் குடும்ப வழக்கம்தானாம். சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவலட்சணமாக ஒன்றைச் செய்து காட்டியிருந்தால் ஜூனிலேயே முடிந்திருக்கும்.

14 நவம்பர்
மூன்று நாளாக மழை. பசுவந்தனை பஸ் நின்றுவிட்டது. ஓடையில் ஆள் உயரத் தண்ணீராம்.

காலை ஆறு மணிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நபீசாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம்.

பரமசிவன் நனைந்துகொண்டு ஓடிவந்தார். "அண்ணாச்சி, வண்டிய ஓடைக்குக் கொண்டுபோவமா? இத விட்டா அடுத்த வருசந்தான் தண்ணி."

"நீரு போயி ஓட்டிப் பாரும் வே" என்றேன். "எங் கையில பிள்ள தூங்குது."