அம்மனுக்கு நேர்ந்த வாய்

மேல் டிவிஷன்,
ராகலை.
22.06.2008

அன்பு மகள் ஜீவராணிக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி கிஷாந்தும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜோர்தான் தேசத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் ஆத்தாளிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வருசம் ஆப்பரேசன் செய்த இடம் குளிருக்கு இழுத்துப் பிடிக்கிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது, பாரமான வாளியைத் தூக்காதே, மேடம் தூக்கச் சொன்னால் வயிற்றைத் தொட்டுக் காட்டு, பாஷை தெரியாவிட்டாலும் அது புரியும். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, காற்று வேறு, பின் லயத்தில் ரெண்டு கூரைத் தகரம் பறந்து போய், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் விழுந்து கிடந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மலைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள் என்றால் என் மேல் எரிந்து விழுகிறார், வீட்டில் இருந்தால் நான் பேசிக்கொண்டே இருப்பேனாம். லீக்ஸ் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, பாதி அழுகிவிடும் போலிருக்கிறது. சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை, உன் பேரை வைக்கலாம் என்று அப்பா சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன், நீ அங்கிருந்தே சண்டைக்கு வருவாய்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது ஒரே போன், அது எந்நேரமும் தம்பியின் சட்டைப் பையில், நான் பேசும்போது அவன் பக்கத்திலேயே நிற்பான். போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நீ எடுத்தபோதும் அப்படித்தான் நின்றான். நீ போட்ட சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன், அப்படியும் கேட்டது. கஞ்சா குடித்து லொறி வேலையைத் தொலைத்தவன் எனக்குத் தம்பி இல்லை, அவன் கையில் போனைக் கொடுக்காதீங்க என்று சொன்னாய். உன்னோடு அங்கே வேலை செய்யும் கீழ் லயத்து லெட்சுமி சொல்லித்தான் தெரிந்தது என்றாய். அவளை நான் குறை சொல்லவில்லை, தோட்டம் முழுக்கப் பேசியதைத்தான் அவள் வீட்டார் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்று தம்பி அரிவாளை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் புல் அறுத்து வந்தான். அதன் பிறகு நீ எடுக்கும்போதெல்லாம் போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறான். நான் சொல்ல வந்தது இதுதான் மகளே, உன் தம்பி கஞ்சா குடிக்கவில்லை. சோதனைக்கு வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

மாசி மாதம் கந்தப்பளை ரோட்டில் பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்து லொறி பள்ளத்தில் இறங்கியது உனக்குத் தெரியும், நல்ல காலம், பின்னால் கொழுந்து மூட்டைகள் மட்டும்தான் இருந்தன, ஆட்கள் ஏறவில்லை. அந்த டிரைவர் எதையோ இழுத்துவிட்டு ஓட்டினான் என்று தெரிந்ததும் நம் கம்பெனிக்காரர்களுக்கும் பயம் வந்துவிட்டது. லொறி டிரக்டர் ஓட்டுகிறவர்கள், தேயிலை ஸ்டோரில் மெசின் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் எச்சில் சோதனை என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் வைத்துச் சொன்னார்கள். நல்லதுதானே என்று நானும்தான் சொன்னேன், மழை நாளில் அந்த லொறியின் பின்னால் ஏறி வருகிறவள் நான். கொழும்பிலிருந்து ஒரு மாத்தையா பெட்டியோடு வந்து ஸ்டோரில் மேசை போட்டு உட்கார்ந்தார். கையில் ரப்பர் உறை, ஆளுக்கு ஒரு புதுப் பொட்டலத்தைக் கிழித்து ஒரு குச்சி எடுப்பாராம், நுனியில் பஞ்சு இருக்கும், அதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து நன்றாக ஊறும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், பிறகு அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டால் கோடு விழுமாம், கோட்டைப் பார்த்துக் கஞ்சாவா வேறு ஏதாவதா என்று சொல்லிவிடுவார்களாம். டிரக்டர் ஓட்டும் சிவசாமி மாமா வாயைக் கழுவியே ஒரு வாளித் தண்ணீர் தீர்ந்தது, எத்தனை தரம் கொப்பளித்தாலும் வெத்தலைச் சிவப்பு போகவே இல்லை, மாத்தையா தலையில் கை வைத்துக்கொண்டாராம். ஸ்டோரே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தம்பியின் முறை வந்திருக்கிறது.

அது நம் கோயில் திருவிழா வாரம். தம்பி காப்புக் கட்டியிருந்தான், வெள்ளிக்கிழமை வாயில் அலகு குத்தித் தீ மிதிக்க வேண்டும். யாருக்காக என்று உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. போன வருசம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உயிரோடு இருக்கிறாயா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் ஏஜென்சிக்காரன் இழுத்தடித்தானே, அப்போது நான் கோயில் படியில் விழுந்து நேர்ந்துகொண்டேன், என் மகள் சத்தம் என் காதில் விழட்டும் தாயே, என் மகன் வாயில் அலகு குத்தி உன் தீயில் இறங்குவான் என்று. அதற்குப் பிறகுதான் நீ அம்மா என்று போனில் கூப்பிட்டாய். தம்பியை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இப்படி நேர்ந்திருக்கிறேன் என்றேன், சரிம்மா என்றான், அவ்வளவுதான். நேர்ந்தது நான், வாய் அவனுடையது. என் வாயையே நேர்ந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத நாளில்லை. உன் வாய்க்கு அலகு போட்டா லயமே நிம்மதியா தூங்குமே என்று அப்பா அப்போது கேலி செய்தார், இப்போது அவரும் அதைச் சொல்வதில்லை.

காப்புக் கட்டின பிறகு நம் வீட்டில் எப்படி இருப்போம் என்று உனக்குத் தெரியும். அலகு ஏறப்போகும் வாய், என் கையால் கொடுக்கும் பாலும் பழமும் தவிர வேறு கை பட்ட எதுவும் அதில் போகக் கூடாது, எச்சிலை இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. அலகு நேர்ந்ததையும் அது யாருக்காக என்பதையும் தீயில் இறங்கும் வரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்று நான் வேறு படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தேன். அவன் ரெண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டான். மாத்தையா குச்சியை நீட்டியதும் இவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். கந்தோரில் பெரிய கிளாக்கர் கனகலிங்கம் ஐயா, அந்த யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்தில் இருந்திருக்கிறார். தம்பி, ஏன் மாட்டன் எண்டுறீர், காரணத்தைச் சொல்லும், நான் துரைக்கு எடுத்துச் சொல்லுறன் என்று ரெண்டு மூன்று தரம் கேட்டாராம். இவன், வெள்ளிக்கிழமை கழியட்டுங்க ஐயா, அப்புறம் எடுத்துக்கங்க என்று மட்டும் சொன்னானாம். அப்படிச் சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள், உடம்பில் ஏறினது இறங்கட்டும் என்று நாள் கடத்துகிறான் என்றுதான் நினைத்தார்கள். கையில் மஞ்சள் காப்பு இருந்தது, ஆனால் திருவிழா வாரத்தில் பாதித் தோட்டத்தின் கையில் அது இருக்கும், இவன் வாயில் அலகு குத்தப் போகிறான் என்று ஐயாவுக்கு எப்படித் தெரியும். சோதனைக்கு மாட்டேன் என்றால் குடித்ததாகவே எடுத்துக்கொள்வது கம்பெனிச் சட்டமாம். அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சேதி வந்தபோது நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே கந்தோருக்கு ஓடியிருக்கலாம். துரையிடம் ஒரு வார்த்தை, திருவிழா முடியும் வரை பொறுங்கள் என்று கேட்டிருக்கலாம். அப்பாவையாவது போகச் சொன்னேன், துரை முன்னால் நின்று எச்சிலைப் பற்றி என்னவென்று பேசுவது என்று அவர் கூச்சப்பட்டார். நானும் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். இன்னொன்று கேள், இதுதான் என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு கோயிலில் பூசாரி சின்னத்தம்பி அண்ணனிடம் சொல்லி அழுதேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடி கிறுக்கச்சி, அன்னைக்கே எங்கிட்ட வந்திருந்தா பஞ்ச வச்சிட்டு வாடான்னு நானே அனுப்பியிருப்பேன், ஒரு சொம்பு மஞ்சத் தண்ணியில வாயக் கொப்பளிக்க வச்சி மறுபடி காப்பக் கட்டுனா முடிஞ்சி போச்சி, ஆத்தா என்ன துரையா, சொன்னா கேக்க மாட்டாளா என்றார். கோயில் நம் லயத்திலிருந்து கூப்பிடு தூரம். ஒருவருக்கும் போய்க் கேட்கத் தோன்றவில்லையே மகளே.

வெள்ளிக்கிழமை தம்பி அலகு குத்திக்கொண்டு தீயில் இறங்கினான், காலில் ஒரு கொப்புளம் இல்லை. திங்கட்கிழமை காப்பை அவிழ்த்ததும் நேராகக் கந்தோருக்குப் போனான், கன்னத்துக் காயத்தில் வைத்த திருநீறு இன்னும் உதிரவில்லை, இப்ப எடுங்க ஐயா என்று வாயைத் திறந்துகொண்டு நின்றானாம். கனகலிங்கம் ஐயாவுக்கு அந்தக் கன்னத்தைப் பார்த்த பிறகுதான் விசயம் விளங்கியது. பாவம் அவர், உடனே துரையிடம் ஓடினார், துரையும் கொழும்புக்குப் பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. மாத்தையா பெட்டியைக் கட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டார். சாயந்திரம் ஐயாவே நம் வாசலில் வந்து நின்றார், நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. எச்சிலில அது ஒரு நாள் ரெண்டு நாளைக்குத்தானாம் அம்மா நிக்கிறது, இப்ப எடுத்து ஒண்டும் இல்லை எண்டு வந்தாலும் அண்டைக்கும் இல்லை எண்டு ஆகாதாம் என்றார். அந்த மாதக் கடைசியில் பேரை வெட்டிவிட்டார்கள். கந்தப்பளைப் பக்கம் ரெண்டு தோட்டத்தில் டிரைவர் வேலைக்குக் கேட்டான், முதலில் வா என்கிறார்கள், இங்கே விசாரித்த பிறகு அப்புறம் பார்ப்போம் என்கிறார்கள். பீலிக்கரையில் இவன் போனால் பொம்பிளைகள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்து நான் சமைக்காமல் படுத்துக்கொண்டேன்.

நானே அக்காவிடம் உள்ளதைச் சொல்கிறேன் என்றால் இவன் விடமாட்டான். வேணாம்மா, தன்னாலதான் எனக்கு வேல போச்சின்னு அங்க உக்காந்து அழும், கண்ணீரத் தொடைக்க ஆளில்லாத ஊருல அக்கா அழக் கூடாது என்கிறான். நீ அப்படிப் பேசின பிறகும் இதையேதான் சொன்னான். எனக்கு அன்று வந்த கோபத்தில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் விளக்குமாற்றால் நாலு போட்டிருப்பேன், ஜோர்தானில் இருந்ததால் தப்பித்தாய். யோசித்துப் பார்த்தால் உன்னைச் சொல்லியும் குற்றமில்லை, தூரத்தில் இருக்கிறவள் காதில் விழுந்ததைத்தானே நம்புவாய். ஆனால் பதினைந்து வயதில் ஒரு பீடியை இழுத்துவிட்டு இருமி இருமி உன் மடியில் வந்து படுத்தவன் அவன், அதை ஒரு நிமிசம் நீ நினைத்திருக்கலாம்.

வருகிற வியாழக்கிழமை கொழும்புக்குப் போகிறான். புறக்கோட்டையில் ஒரு கடையில் மூட்டை இறக்கும் வேலை. லொறி ஓட்டின பிள்ளை மூட்டை சுமப்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பயம்தான். வடக்கில் நடக்கிற சண்டையால் இப்போது கொழும்பில் நம் பையன்கள் அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்கள் என்று சொல்கிறார்கள், பொலிசும் ஆமியும் எந்த ரூமை எப்போது சோதிப்பார்கள், யாரைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அங்கே யாராவது ஏதாவது கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லுடா, உன் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையை ஆட்டுகிறான்.

உனக்குச் சொல்வதில்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அதை மீறித்தான் இதை எழுதுகிறேன், அதற்கு ஆத்தா என்ன தண்டனை கொடுத்தாலும் இந்தத் தடவை என் வாய்க்கே கொடுக்கட்டும். போனை அவனிடமே கொடுத்து அனுப்பப் போகிறேன். வீட்டில் இருக்கட்டும்மா என்றான், எனக்கு அதை அமுக்கிப் பேசத் தெரியவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நம் தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டுப் போனுக்கு எடுத்து எங்களோடு பேசுவான். ஆகையால் இனி நீ நம் நம்பருக்கு எடுத்தால் அவன்தான் எடுப்பான். அப்பாவின் முழங்கால் எப்படி, கன்றுக்குட்டி எப்படி, அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாளா, எதைக் கேட்பதானாலும் அவனைத்தான் நீ கேட்டாக வேண்டும். அலகைப் பற்றி ஒன்றும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே, அவனுக்குச் சங்கடமாகிவிடும். சாப்பிட்டியாடா என்று கேள், மற்றதை அவன் புரிந்துகொள்வான்.

திருநீறு கொஞ்சம் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன், தலைக்குக் குளித்துவிட்டு வைத்துக்கொள். வாளி தூக்காதே, மறந்துவிடாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் இருந்து நல்லபடியாக ஊர் வந்து சேர ஆத்தா துணை இருப்பாள். உன் சத்தம் என் காதில் விழ வேண்டும் என்றுதான் அவன் வாயை நேர்ந்தேன். இனிக் கொஞ்ச நாளைக்கு அது அவன் காதில் விழட்டும்.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெற்றவள்,
செ. வீரம்மா