ஏட்டிக்குப் போட்டி மேஸ்திரியிடம் லீவு வாங்கும் முறை

என் ஆசை அண்ணி, வாயாடி தேசம்மாவுக்கு,

முதலில் உன் வயிறு எரிகிற சேதியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மறுபடியும் கட்டிக்கொண்டான். புதுவாயல் பக்கத்துப் பெண். வருஷம் திரும்பட்டும் என்றுகூட அவன் பார்க்கவில்லை. உன் மாம்பழக் கலர் புடவையைத்தான் அவள் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறாள். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள், திட்டுவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் அண்ணி, செத்தவர்களுக்குப் பொறாமை வருமா? வந்தால் வரட்டும். விட்டுவிட்டுப் போனது நீதானே?

பொன்னேரி மில் அப்படியேதான் இருக்கிறது. வேகவைத்த நெல்லைக் காலையில் களத்தில் கொட்டுகிறார்கள். நாங்கள் வரிசையாக நடந்து காலால் கிளறிக் காயவைக்கிறோம். சிமெண்டுத் தரை சுடுகிற சூட்டில் உள்ளங்கால் தோல் மரத்துப் போய்விட்டது. கோதண்டம் மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறான். ஆமாம், ‘நிற்கிறான்’தான். நேரில் ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுகிறேன். உனக்கு எழுதும்போது அவனுக்கென்ன மரியாதை?

அவனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏட்டிக்குப் போட்டி என்பது அவன் பிறவிக் குணம். தாகம் என்றால் வேலையைப் பார் என்பான். நெல் காய்ந்துவிட்டது என்றால் இன்னும் கிடக்கட்டும் என்பான். அதிகம் காய்ந்த நெல் மிஷினில் நொறுங்கும், அப்போதும் எங்கள் மேல்தான் பாய்வான். அவனிடம் அழாத பெண் அந்தக் களத்தில் கிடையாது. கல்யாணமாகி வந்து நீ களத்தில் இறங்கினாய். கொஞ்ச நாளிலேயே அவனுடைய சூத்திரத்தைப் பிடித்துவிட்டாய்.

நெல் பதமாக இருக்கும்போது அவனிடம் போய், “இன்னும் காயவே இல்ல மேஸ்திரி. பொழுது சாயட்டும்” என்பாய்.

“எனக்கு நீ சொல்லித் தர்றியா? எல்லாம் காஞ்சிபோச்சி. அள்ளுங்கடி!” என்று கத்துவான். நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அள்ளுவோம்.

லீவும் அப்படித்தான். “நாளிக்கி எங்கம்மா ஊர்ல தீமிதி, எல்லாரும் போறாளுங்க. நா போவல மேஸ்திரி, எனக்கு வேலதான் முக்கியம்” என்று ஒருநாள் சொன்னாய். “ஏன், ஒனக்கு மட்டும் சாமி வேணாமா? ஒயுங்கா ஊருக்குப் போய்ச் சேரு. நாளிக்கி இங்க வந்தே, கால ஒடச்சிருவேன்” என்று அவனே உன்னைத் துரத்தினான். நீ மீஞ்சூர் ரயிலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு போனாய்.

கோள் சொல்கிற சரோஜாவையும் நீ விட்டுவைக்கவில்லை. முதலாளி காதுக்குப் போக வேண்டியதையெல்லாம் “யாருகிட்டயும் சொல்லாத” என்று அவளிடம் சொல்வாய். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். களத்தில் தண்ணீர்ப் பானை வைத்தது அப்படித்தானே?

ஊர் வாயையெல்லாம் ஆட்டிவைத்த உனக்கு உன் வாயை அடக்கத் தெரியவில்லையே, பாவி! சாப்பாட்டு வேளையில் மேஸ்திரி மாதிரி குடை பிடித்து நடந்து காட்டினாய். “அந்தாளு சண்டி மாடுடி. இந்தப் பக்கம் இஸ்தா அந்தப் பக்கம் போவும். அதான் நா அந்தப் பக்கம் போவணும்னா இந்தப் பக்கம் இஸ்துக்கினு கீறேன்” என்றாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சரோஜாவும் சிரித்தாள். அவள் சிரித்தபோதே உனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அப்புறம் அந்தக் கத்திரி வெயில் நாள். காலையிலிருந்தே உனக்கு வாந்தி. மில்லுக்கு வருகிற வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாய். கேட்டைத் தாண்டும்போது உதடு வெளுத்திருந்தது. சொல்லாமல் திரும்பிப் போனால் மறுநாள் வேலை இல்லை. வேலை கேட்டு வெளியே பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

“நா போய் மேஸ்திரிகிட்ட கேக்கறேன்” என்றேன். என் கையைக் கிள்ளினாய்.

“நீ கேட்டினா அவ்ளோதான், உடவே மாட்டான். கம்முனு இரு. இப்ப எப்பிடித் தொரத்தறான் பாரு.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிமிர்ந்து நின்றாய். “இவ இன்னாவோ பயந்துக்கினு கீறா மேஸ்திரி. எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீறேன். ஊட்டுக்கெல்லாம் போவமாட்டேன்.”

அவன் உன்னை மேலும் கீழும் பார்த்தான். சிரித்தான். அவன் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அப்பிடியா? சரி, நில்லு.”

அப்போதே “இல்ல மேஸ்திரி, முடியல” என்று சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம் வந்து, “செத்த பொறு, அவனே வந்து தொரத்துவான்” என்றாய். அந்த வீம்போடு நெல்லில் இறங்கினாய். அவன் வரவில்லை. நான் போய்க் கெஞ்சியதற்கு, “அவளே நல்லாக்கீறேன்றா, ஒனக்கு இன்னாடி பேஜாரு?” என்று விரட்டினான். உச்சி வெயிலில் நெல் மேலேயே விழுந்தாய். மில் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். மேஸ்திரி கூலாக எங்கள் பக்கம் கையைக் காட்டினான். “அவ வாயால இன்னா சொன்னான்னு இவளுங்களையே கேளுங்க.” என்ன சொல்வது? நல்லாக்கீறேன் என்று சொன்னாள் என்றோம். பொய்யா அது? நான் உன் சூத்திரத்தை விளக்கப் பார்த்தேன். “நோவுன்னா நோவுன்னு சொல்லணும்மா” என்று முதலாளி எழுந்து போய்விட்டார். கருமாதி அன்றைக்கு சரோஜா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீ குடை பிடித்து நடித்துக் காட்டிய அன்று மாலையே அதை அவனிடம் சொல்லிவிட்டாளாம். அவனுக்கு எல்லாம் தெரியும் அண்ணி. உன்னைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரே ஒரு தடவை உன்னை ஜெயிக்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான். அதற்கு அந்த நாள்தான் கிடைத்ததா?

இப்போது அவன் ஆளே மாறிவிட்டான். தலைவலி என்றால் போ என்கிறான். தங்கமான மனுஷன் என்று பெண்கள் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தினமும் காலையில் என் பக்கம் வந்து, “ஒடம்பு எப்பிடிக் கீது கன்னிம்மா?” என்று கேட்கிறான். “நல்லாத்தான் கீறேன் மேஸ்திரி” என்று நீ சொன்ன அதே மாதிரி நிமிர்ந்து நின்று சொல்கிறேன். அவன் முகம் செத்துப்போகிறது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குகிறது. காய்ச்சல் அடித்தாலும் அதையேதான் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வருகின்றன, ஆள் எடுக்கிறார்கள். நம் களத்துப் பெண்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். கூரைக்குக் கீழே வேலை, வெயில் கிடையாது. போன வாரம் மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“கன்னிம்மா, அங்க எனக்குத் தெரிஞ்ச ஆளு கீறான். நானே சொல்லி உடறேன். நீ போய்டும்மா. ஒன்னப் பாக்க என்னால முடியல.”

“எதுக்கு மேஸ்திரி? நா இங்கயே நல்லாத்தான் கீறேன்” என்றேன்.

போகமாட்டேன் அண்ணி. அவன் அந்தக் களத்தில் நிற்கிறவரை நானும் நிற்பேன். உன் மேல் சத்தியம்.

உன் நாத்தனார்,
கன்னியம்மா