பல் பட்ட நாஸில்

காட்டுப்பாக்கம்
22-06-2025

அன்புள்ள நைனாவுக்கு,

உன் மகள் கவிப்பிரியா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலம் என்பது மசால்வடை கட்டி வந்த பேப்பரிலேயே தெரிந்துவிட்டது. “பழைய உருளை வடிவ வாக்குவம் கிளீனர்கள், அவற்றின் ஹோஸ், பிரஷ், நாஸில்கள் வாங்கப்படும். போன் வேண்டாம், கடிதம் மட்டும். அருள், எஸ்டேட் பின்புறம், அம்பத்தூர்.” எண்ணெய் பட்டு உன் பெயர் பளபளவென்று இருந்தது. வடை சுமார்தான்.

எனக்கு ஏழு வயதில், “ஒரு வாரத்துல வந்துர்றேன் கவி” என்று ஆட்டோ ஏறினாய். இப்போது பதினாறு. வாக்குவம் வைத்திருப்பவனுக்கு வாக்கு மட்டும் எப்படி நைனா காணாமல் போகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூர் மாமாவோடு போகிறாள். ஆடியில் வீடு மாறக் கூடாது என்பதால் ஆவணி ஒன்றாம் தேதிக்கு டெம்போ சொல்லியாயிற்று. நான் அவளிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். “அதுக்குள்ள நைனா ஒரு தபா வந்து வாசல்ல நின்னா, நாம போகக் கூடாது.” அம்மா சிரித்துக்கொண்டே சரி என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே வர வேண்டாம், காபிகூடக் குடிக்க வேண்டாம். வாசலில் நின்றால் போதும். பதில் போடு.

உன் மகள்,
கவி


காட்டுப்பாக்கம்
05-07-2025
(தபாலில் சேர்க்காதது)

நைனா,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. எங்களைச் சுத்தமாக மறந்துவிட்டாய். சுத்தம் செய்வதுதானே உன் மெஷின்களுக்கு வேலை.

அதனால் ஒரு முடிவு. மகள் எழுதினால் பதில் வராது, மெஷின் வைத்திருப்பவள் எழுதினால் வரும். நாளை முதல் நான் கன்னியம்மாள், நூம்பல். கையெழுத்து என் தோழி பவித்ராவுடையது, முகவரி அவள் அண்ணனின் ஜெராக்ஸ் கடை. மெஷின் உன்னுடையதேதான். ஆட்டோவில் இடமில்லாமல் பரணில் விட்டுப் போனாயே, அந்த நீலக் கழுதை.

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

கவி


மே/பா பவித்ரா ஜெராக்ஸ், நூம்பல்
06-07-2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேப்பரில் உங்கள் விளம்பரம் கண்டேன். மறைந்த என் கணவர் ஒரு வெளிநாட்டு இன்ஜினியரிடம் டிரைவராக இருந்தார். அந்த துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு மெஷின் பரணில் கிடக்கிறது. நீல நிறம், சின்ன கேஸ் சிலிண்டரைப் படுக்க வைத்த மாதிரி, அடியில் சறுக்குக் கட்டை மாதிரி இரண்டு கம்பி. கூடவே பிரஷ், குழாய், ரப்பர் வாய் வைத்த ஏதோ ஒன்று. பேரீச்சம்பழக்காரனுக்குப் போடலாமா, உங்களுக்குத் தரலாமா?

இப்படிக்கு,
கன்னியம்மாள்


அம்பத்தூர்
08-07-2025

அன்பும் மதிப்பும் நிறைந்த அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். தயவுசெய்து பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ எல்லாம் ஏமாற்றும் அம்மா. நான் அடையாளம் காணும் முறை வேறு. ஹோஸின் வாயையும் ஒவ்வொரு நாஸிலின் வாயையும் ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, கடிதத்தாளில் அழுத்தி அனுப்புங்கள். வளையத்தின் அகலத்தையும் விளிம்பையும் வைத்து எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லிவிடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரணில் ஏறும்போது ஏணியை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பன்,
அருள்


நூம்பல்
13-07-2025

அன்புள்ள தம்பி அருளுக்கு,

உடனே பதில் போட்டீர்கள். இப்படி உடனே பதில் போடுகிற ஆள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்?

ஒற்றி அனுப்பியிருக்கிறேன். தாள் முழுக்க வளையம் வளையமாக, டீ கிளாஸ் வைத்து எடுத்த மேஜை மாதிரி இருக்கிறது. கடைசியில் இருப்பது ரப்பர் வாய். ஓரத்தில் ஏதோ குழி விழுந்திருக்கிறது, பாருங்கள்.

ஏணியைப் பிடிக்கச் சொல்லும் அளவுக்குப் பாசமாக எழுதுகிறீர்கள். உங்கள் பெண்டாட்டி பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். எத்தனை குழந்தைகள்?

கன்னியம்மாள்


அம்பத்தூர்
16-07-2025

அன்புள்ள அம்மா,

தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஸ்வீடன் நாட்டில் செய்தது, அறுபதுகளின் தொடக்கம். ஹோஸ் வளையத்தில் இரட்டை விளிம்பு அந்த ரகத்துக்கு மட்டுமே உண்டு. இதே ரகத்தில் ஒன்றை நான் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வரும்படி ஆகிவிட்டது. அந்த இழப்பை இன்றுவரை மறக்க முடியவில்லை. சில ராத்திரிகளில் அதை நினைத்தால் தூக்கம் போய்விடும்.

ரப்பர் நாஸிலில் இருப்பது பல் தடம். எலி இல்லை, எலி கடித்தால் கீறலாக இருக்கும். இது பால் பல் முளைத்த குழந்தை கடித்தது. வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டால் நல்ல பொருள்கள் இப்படித்தான் கெடும். குறைதான், ஆனாலும் அந்த நாஸில் எங்குமே கிடைப்பதில்லை. அது இல்லாமல் செட் முழுமை ஆகாது.

குடும்பம் கேட்டீர்கள். நான் தனிக்கட்டை அம்மா. எனக்கு யாரும் இல்லை.

எப்போது வரட்டும்?

அருள்


நூம்பல்
21-07-2025

அன்புள்ள தனிக்கட்டைத் தம்பிக்கு,

கட்டை என்றால் ஈரமே இருக்காதா தம்பி? சும்மா கேட்டேன்.

மெஷினுக்குப் பணம் வேண்டாம். ஒரே ஒரு உதவி போதும். ஆகஸ்ட் 3, ஞாயிறு வாருங்கள். வரும் வழியில் காட்டுப்பாக்கத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் உள்ள அம்மன் கோயிலில் அன்று கூழ் ஊற்றுகிறார்கள். அங்கே ஒரு சொம்பு கூழ் வாங்கி வரவேண்டும். என் வேண்டுதல், கால் வலியால் போக முடியவில்லை. கோயிலுக்கு எதிர்வீட்டு ரேகா என்ற பெண்தான் வருஷா வருஷம் ஊற்றுகிறாள். அவள் கையால் வாங்கி வாருங்கள்.

கன்னியம்மாள்


அம்பத்தூர்
24-07-2025

அன்புள்ள அம்மா,

கட்டாயம் வருகிறேன். கூழும் கொண்டுவருகிறேன். தாங்கள் சொன்ன கோயில், சொன்ன கை. சத்தியம்.

நாஸிலை வெயிலில் வைக்காதீர்கள்.

அருள்


காட்டுப்பாக்கம்
05-08-2025

நைனா,

இது கவி. முன்பு எழுதியதெல்லாமும் கவிதான். கன்னியம்மாள் பிறந்து ஒரு மாதத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், தீட்டு காக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நான் கோயிலில் கூழ் ஊற்றிய அம்மா பக்கத்தில் நின்று சின்ன வெங்காயம் உரித்தேன். ஒவ்வொரு சொம்பும் நீட்டப்படும்போது கையைப் பார்த்தேன். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். “இன்னாடி, யார்ன்னா வராங்களா? ரோட்டையே பாத்துகினு கீறே” என்றாள். கண்ணெரிச்சல் என்றேன்.

நேரமாகிவிட்டதென்று பவித்ராவின் ஸ்கூட்டியில் நூம்பலுக்குப் பறந்தேன். நீ எனக்கு முன்னால் வந்து ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தாய். வாசலில் நிற்க உனக்குத் தெரியும் நைனா, எந்த வாசல் என்பதுதான் தெரியவில்லை.

“கன்னியம்மா இல்லியா?”

“ஊருக்குப் போய்கீது. மெஷின என்னாண்ட குட்த்துட்டுப் போச்சு.”

துப்பட்டாவை முகத்திலிருந்து எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன். பல் தெரியச் சிரித்தேன். நீ மெஷினின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாய்.

“காட்டுப்பாக்கத்துலேர்ந்தா கூழு?”

“ஆமாம்மா. ரேகாம்மா கையாலதான். கன்னியம்மா நல்லாக் கீறாங்களான்னு கேட்டுச்சுன்னு சொல்லு.”

நீ போனதும் குடித்துப் பார்த்தேன். உப்பு.

எங்கள் கோயில் கூழில் உப்பு போடுவதில்லை நைனா. அம்மனுக்குப் படைத்ததால், வாங்குகிறவர்கள்தான் வீட்டுக்குப் போய்க் கலந்துகொள்வார்கள். நீயும் இந்தத் தெருக்காரன்தானே, உப்பு டப்பா எங்கே என்று அம்மாவிடம் கத்துவாயே. ஒரு வளையத்தைப் பார்த்து ஸ்வீடன் என்கிறாய். நானும் ஒரு வாய் குடித்து, இது வேறு தெரு என்று சொல்லிவிடுவேன். உன் மகள் அல்லவா.

பந்தயத்தில் அம்மா ஜெயித்துவிட்டாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை.

மெஷினோடு வந்த பிரஷ், நாஸில் பெட்டியை இந்நேரம் பிரித்திருப்பாய். ரப்பர் நாஸில் இருக்காது. அது என்னிடம். குறையுள்ள பொருள் என்று எழுதினாயே, கடித்தது நான்தான், எனக்கு ஒரு வயது, என்னை மடியில் வைத்துக்கொண்டு நீதான் அதைக் கையில் கொடுத்தாயாம். அம்மா சொல்லியிருக்கிறாள். உன் செட் இனி முழுமை ஆகாது. தூக்கம் போகும் ராத்திரிகளில் நினைத்துக்கொள்ள இன்னும் ஒன்று.

கவிப்பிரியா


அம்பத்தூர்
11-08-2025

அன்புள்ள கவிக்கு,

ஆசீர்வாதம். நீ துப்பட்டாவை எடுத்ததுமே தெரிந்துவிட்டது. உன் அம்மாவின் மூக்கு. பேச்சுக் கொடுத்தால் வீட்டுக்குக் கூப்பிடுவாய், அதனால் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதே. கோயில் முனைவரைக்கும் வந்தேன். ரேகா நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் போய்ப் போரூரில் வேறொரு கோயிலில் வாங்கிக்கொண்டேன். கூழ் கூழ்தானே என்று நினைத்தேன்.

நிற்க. அந்த நாஸிலைக் கோபத்தில் எங்கும் எறிந்துவிடாதே. ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பதிவுத் தபாலில் அனுப்பு. பல் தடம் இருந்தாலும் பரவாயில்லை. வீடு காலி செய்கிற அவசரத்தில் இப்படிச் சின்னச் சாமான்தான் முதலில் தொலையும். ஆவணி பிறப்பதற்குள் அனுப்பினால் நல்லது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
நைனா


(அதே கடிதம், பிரிக்காத உறையோடு அம்பத்தூருக்குத் திரும்பியது. உறையின் மேல் நீல மையில்:)

பெறுநர் வீட்டைக் காலி செய்துவிட்டார். புது முகவரி இல்லை. உள்ளே என்ன கேட்டிருக்கிறது என்று பிரிக்காமலேயே தெரிவதால் பிரிக்கவில்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்.

இப்படிக்கு,
தபால்காரர் கன்னியம்மாள்